முதிர்ந்த மரமும் பழம்பித்தளையும்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியாகத் தெற்கே வரும் பிரயாணி, வைப்பாற்றுப் படுகையைக் கடந்து, கரிசல் மண்ணும் உடைமரங்களும் ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கட்டப்பட்ட பட்டாசு அறைகளுமாக விரிந்து கிடக்கும் வெளியினூடே ஏழாயிரம்பண்ணையை வந்தடையும்போது, அவ்வூரைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருப்பன பெரும்பாலும் இரண்டு விஷயங்களாகவே இருக்கும்: ஒன்று வெடிமருந்து, மற்றொன்று பாளையப்பட்டு. 1799-ஆம் ஆண்டில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியின்மீது படை நடத்தி வந்து, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட காலத்தில், அவ்வீரனுக்குத் துணைநின்றதற்காகத் தங்கள் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் பறிகொடுத்த பாளையங்களுள் நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் என்பவற்றோடு ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. பாளையக்காரர்கள் போர் புரிந்த மண் என்று இதனை அறிந்தவர்கள் பலர். சங்கீதம் செழித்த மண் என்று அறிந்தவர்கள் சிலரே. ஆனால் இவ்வூரை நடுவாக வைத்துச் சிறியதொரு வட்டம் வரைந்தால், அதனுள்ளும் அதன் விளிம்பிலும் கழுகுமலையும், கோவிற்பட்டியும், இடைசெவலும், எட்டயபுரமும் வந்துவிடும். 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா ஏற்படும் வரையில் சாத்தூர்த் தாலுகா முழுவதும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததாகவே இருந்தமையால், இவ்வூர்களுக்குள்ளே கொள்வினை கொடுப்பினையும், திருவிழாவும், மேளமும் ஒன்றாகவே வளர்ந்து வந்திருக்கின்றன.

இந்த வட்டாரத்தை முன்னிட்டு, உலகெங்கும் வாத்தியக்காரர்களைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு மோகத்தைக் குறித்து எழுத விரும்புகிறேன். அது பழைய சாக்ஸபோன்களின்மேல் உள்ள மோகம். புத்தம் புதிதாய், பொன்போலப் பளபளத்து, எல்லா ஸ்வரமும் அளவு தவறாமல் பேசும் கருவி கடைத்தெருவில் கிடைக்கும்போது, அதனை விட்டு, மெருகு கழன்று, செம்புநிறம் ஏறி, ஆங்காங்கே அடிபட்டு நசுங்கி நிமிர்த்தப்பட்ட அறுபது எழுபது வருஷத்துக் கருவியொன்றைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி மார்போடு அணைத்துக்கொள்ளும் மனிதர்கள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் இருக்கிறார்கள். இந்த ஆசை மேனாட்டார் ஆடம்பரம் என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. சாக்ஸபோன் என்ற கருவி பிறப்பதற்கு முன்பிருந்தே நம் நாகஸ்வரக்காரர்கள் அறிந்திருந்த ஆசைதான் இது என்பதும், கரிசல் நாட்டின் சங்கீத சரித்திரத்தைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும் என்பதும் என் துணிபு.

முதலில் அந்தக் கருவியின் பிறப்பைச் சொல்லவேண்டும். பெல்ஜியம் தேசத்தில் தினாந்த் என்னும் ஆற்றங்கரை ஊரில், 1814-ஆம் ஆண்டில், வாத்தியங்கள் செய்யும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் அடால்ப் சாக்ஸ். அவருடைய குழந்தைப் பருவமே ஆபத்துக்களின் வரிசையாக இருந்தது என்று அவருடைய சரிதத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாடியிலிருந்து விழுந்தார், ஊசியை விழுங்கினார், வெடிமருந்து வெடித்து உடம்பெல்லாம் வெந்தார். வெடிமருந்தோடு பிழைப்பு நடத்தும் நம் ஊர்க் குடும்பங்கள் இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தால், அந்தப் பிள்ளையின் தாய் பட்ட பாட்டை மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக அறிவார்கள். அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த அந்தப் பிள்ளை, வளர்ந்து, 1842-இல் பாரிஸ் நகரம் சேர்ந்து, பித்தளைக் குழலின் கம்பீரமும் நாணல் நாக்கின் நயமும் ஒருங்கே அமைந்த புதிய வாத்தியம் ஒன்றைச் செய்து, 1846-இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். சங்கீத மேதையாகிய பெர்லியோஸ் அவரைப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். பிரெஞ்சு ராணுவ பாண்டுகள் அவருடைய வாத்தியங்களை ஏற்றுக்கொண்டன. இவ்வளவு கீர்த்தி பெற்றும், போட்டிக்காரர்கள் தொடுத்த வழக்குகளால் மீண்டும் மீண்டும் கடனில் மூழ்கி, 1894-இல் வறுமையிலேயே அவர் காலமானார். தம் பெயரைத் தாங்கிய வாத்தியம் அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய ஜாஸ் சங்கீதத்தில் புகுந்து உலகத்தை ஆளப்போகிறது என்பதை அவர் அறியவில்லை.

இந்தக் கருவியின் உடல் பித்தளையாயினும், இதன் உயிர் நாணல். வாயில் வைக்கும் பாகத்தில் கட்டப்பட்டிருக்கும் மெல்லிய நாணற் சீவல்தான் மூச்சுப் பட்டு அதிர்ந்து நாதத்தைப் பிறப்பிக்கிறது. இதன் குழலோ வாய்ப்பக்கம் குறுகி, போகப் போக விரிந்து கூம்பு வடிவாய்ச் செல்லுவது. இவ்விரண்டு லக்ஷணங்களையும் கேட்ட மாத்திரத்தில் நம் நாட்டவர் ஒருவருக்கு எந்த வாத்தியம் நினைவுக்கு வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நாகஸ்வரமும் கூம்பு வடிவான குழலே. அதற்கும் உயிர் நாணற் சீவாளியே. சாக்ஸபோனுக்கு ஒற்றை நாக்கு, நாகஸ்வரத்துக்கு இரட்டை நாக்கு என்பது வேற்றுமை. கூம்புக் குழலில் மூச்சை அழுத்தி ஊதினால் அதே விரல்வைப்பில் அடுத்த ஸ்தாயி பேசும். கிளாரினெட்டைப் போன்ற நேர்குழலில் அவ்வாறு பேசாது, ஸ்தாயியைத் தாண்டிப் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். ஆகவே, தேசத்தாலும் வர்ணத்தாலும் எவ்வளவோ விலகி நின்றபோதிலும், நாதம் பிறக்கும் முறையைக் கொண்டு பார்த்தால், சாக்ஸபோனும் நாகஸ்வரமும் நெருங்கிய தாயாதிகள்.

அந்நிய வாத்தியத்தை நம்முடையதாக்கிக்கொள்ளும் வித்தை நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. ஏழாயிரம்பண்ணைக்குத் தென்கிழக்கே, கோவிற்பட்டிக்கு அப்பால் இருக்கும் எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய பாலுஸ்வாமி தீக்ஷிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அந்த வாத்தியத்தில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டிய முன்னோடி. இன்று பிடில் இல்லாத கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீக்ஷிதரோ, வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்தியம் இயற்றியவர். நோட்டுஸ்வரங்கள் என்று வழங்கும் அந்த உருப்படிகள் ஏறக்குறைய நாற்பது. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. நாத ஸாகரத்தையே தம் கிருதிகளில் தேக்கிவைத்த அந்த மகான், சிப்பாய்களின் பாண்டைக் கேட்டு முகம் சுளிக்காமல், அதிலும் ஓர் அழகைக் கண்டு அதற்கும் தெய்வ வணக்கத்தைச் சேர்த்துவைத்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலேயே அவர் ஸித்தியடைந்தார். அட்டக்குளத்தின் அருகில் அவருடைய சமாதி இருக்கிறது. பாலுஸ்வாமி தீக்ஷிதரின் வழியில் வந்த சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் ஸங்கீத ஸம்பிரதாய ப்ரதர்சினி என்னும் மகா கிரந்தத்தை அச்சேற்றியதும் அதே ஊரில்தான். பாளையங்களின் கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்ட பின்பு, இந்தச் சீமையில் எஞ்சிய பெருஞ்செல்வம் சங்கீதமாகவே இருந்தது.

ஊது கருவிகள் வந்த வழி வேறு. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு பாண்டு ஒன்றைத் தம் அரண்மனையில் ஏற்படுத்தியிருந்தார். அந்தச் சூழலிலே கிளாரினெட் வாத்தியத்தைச் சதிர் நாட்டியக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்று சொல்வது மரபு. முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து அமர்ந்தது. பிற்காலத்தில் அதே கருவியைத் தனிக்கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-இல் சென்னை சங்கீத வித்வத் சபை சங்கீத கலாநிதி விருதை அளித்துக் கௌரவித்தது. மைசூர் அரண்மனையிலும் பெரிய பாண்டு இருந்தது. அதன் மேனாட்டுப் பிரிவை ஜெர்மானியராகிய ஆட்டோ ஷ்மிட் நடத்திவந்தார். அரண்மனைகளுக்கும் ராணுவத்துக்கும் உரியனவாயிருந்த இந்தக் கருவிகள், நாளடைவில் பழையனவாகி, கைமாறி, ஊரூராகச் சென்று, கலியாண ஊர்வலங்களிலும் சர்ச்சுத் திருவிழாக்களிலும் வாசிக்கும் பேண்டு செட்டுக்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் 1842-இல் மிஸ்க்வித் கம்பெனி என்ற பெயரில் தொடங்கி, பின்பு மியூஸி மியூஸிகல் ஆன கடையைப் போன்றவை சீமைக் கருவிகளை வரவழைத்து விற்றன. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி சுருங்கியபோது மீரட் நகரத்துப் பட்டறைகளின் பித்தளை வாத்தியங்கள் தேசமெங்கும் பரவின. ஆனாலும், சீமையில் செய்த பழைய கருவி ஒன்றை வைத்திருக்கும் வாத்தியக்காரர் அதனை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

தென்பாண்டி நாட்டில் திருவிழா என்றால் இரண்டு ஓசைகள் இன்றியமையாதவை. ஒன்று மேளம், மற்றொன்று வேட்டு. விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலானாலும், இருக்கன்குடியில் ஆடி மாதத்துக் கூட்டமானாலும், அதிர்வேட்டு வானத்தில் வெடித்து அதன் எதிரொலி அடங்குவதற்குள் நாகஸ்வரமோ பேண்டு செட்டோ எழுந்து அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923-இல் சிவகாசியில் அதனைத் தொடங்கிய பிறகு, மழை குறைந்த இந்தக் கரிசற் காட்டில், விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்கு அத்தொழிலும், அதைத் தொடர்ந்து பட்டாசும் சோறு போட்டன. கூலி கையில் புழங்கப் புழங்க, மேளக்காரரை அழைக்கும் வசதியும் ஊர்களுக்கு உண்டாயிற்று. கழுகுமலைக் கந்தன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தின் மெட்டுகள் எந்த வாத்தியத்தில் வாசித்தாலும் இந்தப் பக்கத்து ஜனங்களின் கால்கள் தாமே தாளம் போடும். கிளாரினெட்டில் கேட்டாலும், சாக்ஸபோனில் கேட்டாலும், அவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இந்த வட்டாரத்தின் ரஸிகத் தன்மைக்குச் சாக்ஷி வேண்டுமானால் காருகுறிச்சி அருணாசலத்தை நினைத்தால் போதும். 1921-இல் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலுள்ள காருகுறிச்சியில் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து அவருடைய வழியைத் தம் வழியாக்கிக்கொண்டவர் அவர். கோவிற்பட்டியைத் தம் வாசஸ்தலமாகக் கொண்டு, 1964-இல், நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார். 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஆபேரி ராகத்தில் அவர் வாசித்த பாட்டைக் கேளாத தமிழர் இருக்கமாட்டார்கள். ஆனால் கரிசல் ஜனங்கள் அவரைக் கேட்டது படத்திலன்று. கோயில் வாசலிலும், கலியாணப் பந்தலிலும், விடிய விடியத் தரையில் உட்கார்ந்து. விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டும் காருகுறிச்சியாரின் நாகஸ்வரமும் எட்டிய காதுகள் இவை. இடைசெவல் என்ற சிற்றூரிலிருந்து கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு இலக்கியகர்த்தர்கள் தோன்றியதும், இருவரும் சங்கீதப் பித்துக் கொண்டவர்களாக இருந்ததும் தற்செயல் என்று நான் கருதவில்லை.

இனி, பழைய கருவியின்மேல் நம்மவர்க்கு இருந்த பற்றைச் சொல்லலாம். நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. தஞ்சைச் சீமையில் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்கள் அந்த மரத்தைத் தேடிப் போவது காட்டுக்கு அன்று. இடிக்கப்படும் பழைய வீடுகளுக்கு. தூணாகவும் உத்தரமாகவும் பல பத்தாண்டுகள் வீட்டைத் தாங்கி நின்று, ஈரமெல்லாம் வற்றி, முதிர்ந்து இறுகிய ஆச்சாவே நாதத்துக்கு ஏற்றது என்பது அவர்கள் பரம்பரையாகக் கண்ட அனுபவம். புது மரம் கடைந்த பிறகு நெளியும், வெடிக்கும், ஸ்ருதி மாறும். ராஜரத்தினம் பிள்ளை, உச்ச ஸ்ருதியில் பேசும் குட்டையான திமிரி நாகஸ்வரத்தை விட்டு, நீண்டு தாழ்ந்து கம்பீரமாக ஒலிக்கும் பாரி நாகஸ்வரத்தை நிலைபெறச் செய்தபோது, அவருடைய மனத்தில் இருந்த சுத்த மத்யமம் அந்தக் குழலில் பிசகின்றிப் பேசும்படி கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. ஒரு கலைஞரின் காதும் ஒரு தொழிலாளியின் கையும் கலந்து பிறந்த அத்தகைய கருவிகளை, அடுத்த தலைமுறை வித்துவான்கள் பூஜைக்குரிய பொருளாகவே வைத்துப் போற்றினார்கள். குருநாதர் வாசித்த கருவியைச் சிஷ்யன் எடுத்து வாயில் வைக்கும்போது அவனுடைய மூச்சே நிதானப்படுகிறது. அதில் அலக்ஷியமாக ஊத அவனுக்கு மனம் வராது.

மேனாட்டுச் சாக்ஸபோன்காரர்களின் மோகமும் இதுவேதான். அவர்கள் தேடித் திரிவன பெரும்பாலும் சில பெயர்களே. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்து எல்கார்ட் நகரத்தில் கான் கம்பெனி 1920-களிலும் 1930-களிலும் செய்தவை. அதே ஊரில் பூஷர் செய்தவை. பாரிஸில் செல்மர் கம்பெனி 1954-இல் வெளியிட்டு 1970-களின் நடுப்பகுதி வரை செய்துவந்த மார்க் ஆறு என்னும் வகை. 1942-இல் அமெரிக்க சர்க்கார் யுத்தத்தின் பொருட்டு வாத்தியம் செய்யும் தொழிற்சாலைகளைத் திருப்பிவிட்டு, பித்தளையையும் கைத்தேர்ச்சியையும் போர்க் கருவிகளுக்கு எடுத்துக்கொண்டது. ஆகையால் யுத்தத்துக்கு முன் செய்தது, பின் செய்தது என்ற பாகுபாடு இன்றும் வாங்குவோரிடையே வழங்குகிறது. யுத்தம் முடிந்தபின் பிரான்ஸில் சிதறிக் கிடந்த பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளை உருக்கியே செல்மர் கருவிகள் செய்யப்பட்டன, அதனால்தான் அவற்றுக்கு அந்தக் குரல் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. இதற்கு ஆதாரம் காட்டியவர் ஒருவரும் இல்லை. ஆயினும், கொல்லுவதற்காக வார்த்த உலோகம் பாடுவதற்காக மறுபிறவி எடுத்தது என்ற அந்தக் கற்பனையை மனிதர்கள் ஏன் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

பித்தளையின் வயதுதான் குரலை உண்டாக்குகிறதா என்றால், நாத சாஸ்திரம் அறிந்தோர் இல்லை என்பர். குழலின் உட்புறக் கூம்பு எவ்வளவு விரைவாக விரிகிறது, துளைகள் எங்கே எவ்வளவு அகலமாக இருக்கின்றன, வாய்ப்பகுதியின் உள்வடிவு எப்படி, ஊதுபவனின் தொண்டையும் உதடும் எப்படி என்பவையே நாதத்தை நிச்சயிக்கின்றன. ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1953-இல் டொரண்டோ நகரத்துப் புகழ்பெற்ற கச்சேரியில் பிளாஸ்டிக் சாக்ஸபோனை வாசித்தார். கேட்டவர்கள் பார்க்கரைத்தான் கேட்டார்கள். பழைய தொழிற்சாலைகளின் கூம்பு அளவுகள் வேறாக இருந்தமையால் பழைய கருவிகளின் குரலும் அகன்று, சற்று இருண்டு, புகைபடிந்தாற்போல் இருக்கிறது என்பது மெய். அதோடு, விரல் படும் முத்துச்சிப்பி வில்லைகள் முன்னே வாசித்தவருடைய விரல்களால் தேய்ந்து குழிந்திருக்கின்றன. புதியவரின் விரல்கள் தாமே அந்தக் குழிகளில் போய் அமர்கின்றன. முன்னே வாசித்தவர் யார், எந்த நடனசாலையில் எத்தனை இரவுகள் வாசித்தார், வறுமையால் விற்றாரா, மாண்டபின் மனைவி விற்றாளா என்பதெல்லாம் தெரியாது. ஆயினும் அவருடைய உழைப்பின் தடம் கைக்குக் கீழே இருக்கிறது. இந்த உறவை அளவைக் கருவி கொண்டு நிறுக்க முடியாமையால் அது பொய் என்று சொல்லிவிடலாகாது.

பழைய கருவி எளிதில் வசப்படுவதுமில்லை. ஒரு ஸ்வரம் ஏறி நிற்கும், மற்றொன்று இறங்கி நிற்கும். உதட்டால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்து ஸ்ருதியில் நிறுத்தவேண்டும். புதிய கருவிக்குப் பழகியவர்கள் இதனைக் குறை என்பார்கள். நம் சங்கீதத்தை அறிந்தவர்களுக்கோ இது வித்தையின் வாசல். கமகம் என்பது ஸ்வரங்களுக்கு இடையிலே உள்ள வெளியில் அல்லவா பிறக்கிறது? நாகஸ்வரத்தில் விரலைப் பாதி எடுத்தும் மூச்சை இளக்கியும் அந்த வெளியை நிரப்புகிறார்கள். சாக்ஸபோனிலோ துளைகளை விரல் நேரே தொடுவதில்லை. தோல் பேடுகள் வைத்த மூடிகள் விழுந்து அடைக்கின்றன. துளை திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். பாதி என்பது அரிது. ஆதலால் கமகம் முழுவதையும் உதட்டாலும் தாடையாலும் மூச்சாலும் வரவழைத்தாக வேண்டும். அசைக்க முடியாதது என்று பலரும் கருதிய இந்தக் கோட்டையைப் பிடித்தவர் கத்ரி கோபால்நாத்.

1949-இல் தென் கன்னட ஜில்லாவில் நாகஸ்வரக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், இளமையில் மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் குரலில் மயங்கினார். தந்தையின் நாகஸ்வரம் ஒலித்த வீட்டில் வளர்ந்த செவிக்கு அந்தப் பித்தளைக் குரல் உறவாகப் பட்டதில் வியப்பில்லை. பல்லாண்டுகள் பாடுபட்டு, மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, மோகனமும் கல்யாணியும் தோடியும் அந்தக் கருவியில் வாய்ப்பாட்டைப் போலவே ஒலிக்கும்படி செய்தார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி.யின் ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டில் கே. பாலசந்தரின் டூயட் படம் வெளிவந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் இசையமைப்பில் அவர் வாசித்த கல்யாணவசந்த ராகம், சாக்ஸபோன் என்ற பெயரையே அறியாத பட்டிதொட்டிகளுக்கெல்லாம் அதன் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் படத்துக்குப் பிறகு தென்மாவட்டத்துப் பேண்டு செட்டுகளில் சாக்ஸபோனுக்கு ஏற்பட்ட மதிப்பே தனி; கூட்டத்தில் ஒன்றாக ஊதிக்கொண்டிருந்தவர் முன்னே வந்து நின்று தனியாக வாசிக்கும்படி கலியாண வீட்டார் கேட்கலானார்கள். 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கோபால்நாத் 2019-இல் மறைந்தார். அவர் வாசித்துக் காட்டிய பிறகு, சாக்ஸபோன் கச்சேரி வாத்தியமா என்ற கேள்வியை எழுப்புவார் இல்லை.

கரிசல் நாட்டில் பழைய சாக்ஸபோன் ஒன்றைக் காப்பாற்றுவதற்குத் தனிக் கவனம் வேண்டியிருக்கிறது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று இங்கே இல்லை என்பது நல்லதே. ஆனால் வறண்ட வெயிலில் மூடிகளின் தோல் பேடுகள் காய்ந்து இறுகி, காற்றை ஒழுகவிடும். காற்று ஒரு துளையில் ஒழுகினாலும் அதற்குக் கீழுள்ள ஸ்வரமெல்லாம் நலிந்துபோகும். பேடுகளை மூடியில் ஒட்டிவைப்பது அரக்கு. நம் தேசத்துக் காடுகளிலிருந்து உலகத்துக்குப் போகும் அதே அரக்கு. சித்திரை வெயிலில் வண்டிக்குள் கருவியை வைத்துவிட்டுப் போனால் அரக்கு இளகி, பேடுகள் இடம் பெயர்ந்துவிடும். வெள்ளி முலாம் பூசிய பழைய கருவியாக இருந்தால், கந்தகம் புழங்கும் இடத்துக்கு அருகே வைக்கவே கூடாது. காற்றில் கலந்த கந்தக ஆவி வெள்ளியை விரைவில் கறுப்பாக்கிவிடும். பட்டாசு ஆலைகளின் நடுவே வாழும் வாத்தியக்காரர், ஊதி முடித்தவுடன் உட்புறத்து ஈரத்தைத் துணிவிட்டு இழுத்துத் துடைத்து, மென்துணியில் சுற்றிப் பெட்டியில் மூடிவைத்தாரானால், அந்தக் கருவி அவருடைய பேரன் காலம் வரையிலும் பேசும். நாகஸ்வரத்துக்கு இந்த நீண்ட ஆயுள் இல்லை. மரம் வெடித்தால் வெடித்ததுதான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் இடிப்பதற்கு இன்னும் எத்தனை ஆச்சாத் தூண் வீடுகள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணும்போது கவலை உண்டாகாமல் இல்லை. பித்தளைக் கருவியோ, எவ்வளவு நைந்திருந்தாலும், பேடும் கார்க்கும் ஸ்பிரிங்கும் மாற்றிவிட்டால் மீண்டும் எழுந்து பேசும்.

ஆகையால், சாத்தூரிலும் கோவிற்பட்டியிலும் ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், தாத்தா காலத்துப் பேண்டு செட்டு வாத்தியங்கள் பரணில் கிடக்கும் வீட்டார் ஒன்று செய்யவேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பாத்திரக்காரரிடம் பித்தளை எடைக்குப் போடுவதற்கு முன், கருவியைக் கீழே இறக்கித் துடைத்து, விரிந்த வாயின்மேல் செதுக்கியிருக்கும் கம்பெனிப் பெயரையும், பின்புறத்தில் வலக்கைக் கட்டைவிரல் தாங்கிக்குக் கீழே பொறித்திருக்கும் எண்ணையும் படித்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு அது பிறந்த வருஷத்தையே கணித்துவிடலாம். மெருகு போயிற்றே என்று புதுப்பூச்சுப் பூசவும் கூடாது. மெருகுக்காரர் தேய்க்கும் தேய்ப்பில் செதுக்கலும் உலோகமும் கரைந்து, கருவியின் மதிப்பும் குறைந்துவிடும். அதன்பின், ஊதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, புதிய நாணல் ஒன்றைக் கட்டி, ஒரு காவடிச்சிந்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு, விற்பதா வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்கலாம்.